பிரேக் தைத்தவள்

பேருந்தில் ஏறினால் சின்னவள் முதலில் பார்ப்பது ஓட்டுநரின் காலைத்தான். காலடியில் மிதிகட்டை இருக்கிறதென்று கண்ணால் கண்ட பிறகுதான் இருக்கைக்குப் போவாள். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, "மிதிச்சா நிக்குது பாருங்க. கொடுத்துவச்ச வண்டி. எங்க வண்டிக்கு நான் தைச்சுக் கொடுத்தாத்தான் பிரேக்கு" என்பாள். பாதிப் பேர் சிரித்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்குவார்கள். மீதிப் பேர் "எந்த வண்டிம்மா?" என்று கேட்டு மாட்டிக்கொள்வார்கள். இறங்குமிடம் வரும்வரை விடமாட்டாள்.

தலை முழுக்க வெளுத்த பிறகும் அவள் சின்னவள்தான். கூடப் பிறந்தவள் ஒருத்தியே, அவள் பெரியவள். இரண்டு பேருக்கு அதற்குமேல் பெயர் எதற்கு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

அவள் சொன்ன வண்டி, பறக்கும் படகு. போர் நடந்த காலத்தில் குடாத் தண்ணீரில் ஏழு நின்றன. நாலு இயந்திரம், இறக்கை, வால், துப்பாக்கி எல்லாம் உண்டு. சக்கரம் மட்டும் கிடையாது. வயிற்றுப்பக்கம் படகு. தண்ணீரிலேயே ஓடி எழும்பும், தண்ணீரிலேயே வந்து உட்காரும். பழுது பார்க்கக் கரையேற்ற வேண்டுமென்றால் ஆட்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, சக்கரத்தைத் தண்ணீருக்குள்ளேயே மாட்டி, வாலில் வடம் கட்டிப் பின்பக்கமாக இழுப்பார்கள். "மாடு குளிக்கப் போயிட்டு வர அடம் பிடிக்குது" என்பாள் பெரியவள்.

அதன் குணமே ஒரு தினுசு. காற்றடித்தால் பயப்படாது, காற்றே இல்லாவிட்டால்தான் வம்பு. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் அதன் வயிற்றை விடாது, ஒட்டிக்கொள்ளும். ஒரு மோட்டார் படகு முன்னால் வளைந்து வளைந்து ஓடி அலை கிளப்பிவிட்டால்தான் எழும்பும். தண்ணீரில் மோதி மோதி வயிற்றுத் தகட்டின் ரிவிட் தெறித்துப் போகும். அந்த ஓட்டையில் பென்சிலைச் செருகி ஒடித்துவிடுவார்கள். ஏறுகிற ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இரண்டு பென்சில் இருக்கும், அதில் ஒருவரும் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை. இறக்கையின் முன்விளிம்பைக் கதவு மாதிரி இறக்கிவிட்டால் மேடையாகும். மெக்கானிக் அதில் நின்றுகொண்டு, ஸ்பேனரை மணிக்கட்டில் கயிற்றால் கட்டி வேலை செய்வார். கட்ட மறந்த ஸ்பேனர்களை அள்ளினால் குடாவின் அடியில் ஒரு கடையே வைக்கலாம்.

பிரேக்கும் இல்லை. தண்ணீரில் வந்து உட்கார்ந்த பிறகு, கட்டிப்போடுகிற மிதவையை நெருங்கும்போது வேகம் குறைய வேண்டுமே? அதற்குத்தான் பை. தடித்த கித்தானில் புனல் மாதிரித் தைத்தது, வாய் அகலம், வால் குறுகல், வாயைச் சுற்றி வடம். சமையலறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. பக்கத்துக்கு ஒரு ஆள் நின்று ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பையை வெளியே வீசவேண்டும். பை தண்ணீரைக் குடித்து இழுத்துப் பிடிக்கும், படகு மெல்ல அடங்கும். இத்தனை பெரிய போர் விமானம், நிற்பதென்னவோ சமையலறை ஜன்னலில்.

அந்தப் பைகளைத் தைக்கிற கொட்டகையில்தான் அக்காளும் தங்கையும் வேலை செய்தார்கள். எட்டுப் பெண்கள், நாலு நீள மேசை, மெழுகும் தாரும் கலந்த வாசனை. உள்ளங்கையில் தோல் பட்டை மாட்டிக்கொண்டு கோணி ஊசியைத் தள்ளவேண்டும். கொட்டகையை நடத்தியது ஒரு மேஸ்திரி அம்மா. அந்த அம்மாளிடம் ஒரே சட்டம்தான்: ஒரு ஜோடிப் பையை ஒரே கைதான் தைக்கவேண்டும்.

"ஒருத்தி இழுத்துத் தைப்பா, ஒருத்தி தொளதொளன்னு தைப்பா. இழுத்துத் தைச்சா வாய் சின்னதாயிரும். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கைன்னா படகு கோணிக்கும்டி. புருஷன் ஒரு பக்கமும் பொண்டாட்டி ஒரு பக்கமும் இழுத்தா வீடு போற போக்குத் தெரியும்ல?"

"உங்க வீட்ல யாரு இழுப்பு ஜாஸ்தி மேஸ்திரியம்மா?" என்று கேட்பாள் பெரியவள். மேசை மொத்தமும் சிரிக்கும்.

யார் தைத்தது என்று தெரிய, வாய் மடிப்பில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் ஓட்டுவார்கள். பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்கு மஞ்சள்.

பெரியவளின் புருஷன் கப்பலில் கரி தள்ளப் போனவர். கடிதம் நின்று பதினாலு மாதம் ஆகியிருந்தது. கையில் இரண்டு குழந்தைகள். மூத்தவன் பின்னாளில் ரயில்வேயில் சேர்ந்தான், இளையவளைக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் கட்டிக்கொண்டார், அதெல்லாம் அப்புறம். அப்போது இரண்டும் சோற்றுக்குத் தட்டை ஏந்தி நிற்கிற வயசு. அந்தச் சமயம் பார்த்து பெரியவளின் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. கித்தான் தைக்கிறவர்களுக்கு வருகிற வீக்கம்தான். வந்தவர்களை மேஸ்திரி அம்மா ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஊசி பிடிக்க முடியாதவளுக்குக் கொட்டகையில் இடமில்லை.

அதனால் அக்காளும் தங்கையும் ஒரு வழி செய்தார்கள். பெரியவள் ஒரு பையை மெல்ல மெல்லத் தைத்து முடிப்பாள். அதற்குள் சின்னவள் தன் ஜோடியை முடித்திருப்பாள். மேஸ்திரி அம்மா அந்தப் பக்கம் திரும்பும் நேரம் மேசைக்கு அடியில் கித்தான் மடி மாறும். பெரியவளின் இரண்டாவது பையைச் சின்னவள் சிவப்பு நூல் ஓட்டித் தைப்பாள்.

அப்படி மடி மாற்றிய ஒரு நாளில் வாசலில் ஒருவர் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் படகின் சமையல்காரர், பை வாங்க வந்தவர். ஆட்கள் அவரை அடுப்பு என்றே கூப்பிடுவார்கள். சின்னவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவரோ சிவப்பு நூல் ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிறபோது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பாத்துட்டாருக்கா."

"பாத்தா பாக்கட்டும். சமைக்கிறவருக்குத் தையல் என்ன தெரியும்?" என்றாள் பெரியவள். ஆனால் அன்றைக்கெல்லாம் அவள் ஜோக்கு எதுவும் அடிக்கவில்லை.

எட்டு நாள் கழித்து அது நடந்தது. மூன்றாம் படகு பன்னிரண்டு மணி நேரம் கடலைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பியது. திரும்புகிற படகை எண்ணுவது கொட்டகையின் வழக்கம், எல்லாரும் ஜன்னலில் நின்றார்கள். பூ மாதிரி வந்து உட்கார்ந்தது. மூக்கில் இருக்கிற துப்பாக்கிக் கூண்டு பின்னால் நகர்ந்தது, அந்தப் பள்ளத்தில் ஒரு ஆள் எழுந்து மிதவையைப் பிடிக்கக் கொக்கியோடு நின்றான். பை விழுந்தது. உடனே யாரோ காதைப் பிடித்துத் திருகின மாதிரி படகு வலதுபக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் பெட்ரோல் தோணி நின்றது.

படார் என்று ஒரு சத்தம். வலது இறக்கை நுனிக்குக் கீழே தொங்குகிற மிதப்பு, தோணியில் மோதி நசுங்கிப் போனது. மிதப்பு போனால் அந்தப் பக்கத்து இறக்கை தண்ணீரில் சாயும், சாய்ந்தால் கவிழும். உள்ளே இருந்தவர்கள் மேல்கதவு வழியாக ஏறி இடது இறக்கைமேல் ஓடி, நுனியில் வரிசையாகக் குந்திக்கொண்டார்கள். எட்டுப் பேர், கம்பியில் காக்கை மாதிரி. அந்தப் பாரத்தில்தான் படகு நேராக நின்றது. மீட்புப் படகு வரும்வரை ஒருவரும் அசையவில்லை, தும்மல் வந்தவன்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

உயிர்ச்சேதம் இல்லை. தோணி நிறையப் பெட்ரோல் இருந்தது. ஒரு பொறி போதும்.

அரைமணியில் அதிகாரி கொட்டகைக்கு வந்துவிட்டார். பின்னால் இரண்டு பேர் சொட்டச் சொட்ட இரண்டு பைகளைத் தூக்கி வந்தார்கள். இரண்டிலும் சிவப்பு நூல். மேசையில் விரித்து அளந்தார். வலதுபக்கத்துப் பையின் வாய் ஒரு விரற்கடை கூடுதல் அகலம். இடதுபக்கத்துப் பை சின்னது, தையலும் இறுக்கம்.  அந்த இறுக்கம் சின்னவளின் கை.

"இது ரெண்டும் ஒரே ஆள் தைச்சதா?"

மேஸ்திரி அம்மா பையைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். "சிவப்பு நூல் அவளோடது" என்று மட்டும் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில என் முன்னால ஒரு முழம் தைக்கட்டும். எந்தப் பை இந்தக் கைன்னு பாத்துடறேன்" என்று சொல்லிப் போனார் அதிகாரி.

வீட்டுக்கு நடக்கும்போது சின்னவள் அழுதாள். "நான் போய்ச் சொல்லிடறேன்க்கா. நான்தான் தைச்சேன்னு."

"சொல்லி? ரெண்டு பேரும் வெளிய. அப்புறம் புள்ளைங்களுக்கு நீ கித்தானை அவிச்சுப் போடுவியா?"

"நீ எப்படித் தைப்பே, கையைத் தூக்கவே முடியலையே?"

"ஒரு முழம்தானே" என்றாள் பெரியவள்.

மறுநாள் காலை அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரியவள் தோல் பட்டையை மாட்டினாள். ஊசியைக் கித்தானில் ஏற்றினாள். தள்ளினாள். ஊசி பாதியில் நின்றது.  சின்னவள் வாயைத் திறக்கப்போன நேரம், வாசலில் யாரோ மூச்சுவாங்க வந்து நின்றார்கள். அடுப்பு. இடுப்பில் கட்டின துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஐயா, பை மேல குத்தமில்ல. நான்தான் இடதுபக்கத்துப் பையை லேட்டாப் போட்டேன்."

"ஏன்?"

"வெங்காயம் கருகிச்சுங்க."

எட்டுப் பெண்களும் சிரித்துவிட்டார்கள், பயத்திலும் சிரிப்பு வரும். அதிகாரி சிரிக்கவில்லை. "இறங்கறதுக்கு முன்னாடி அடுப்பை அணைக்கணும்னு தெரியுமா தெரியாதா? பெட்ரோல் தோணிக்குப் பக்கத்துல அடுப்பு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்க" என்றார் அவர்.

அதோடு சிரிப்பு அடங்கியது. அதிகாரி எழுந்து முன்னால் நடக்க, சமையல்காரர் பின்னாலேயே போனார். இருபது நாள் காவலில் வைத்தார்கள். அதன்பிறகு படகில் கால் வைக்கக்கூடாதென்று கரைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டார்கள். போர் முடியும்வரை இருநூறு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தார். பெரியவளைக் கேட்க ஒருவருமில்லை. மேஸ்திரி அம்மா மட்டும் மறுநாள் வந்து, "நீ இனிமே நூலுக்கு மெழுகு போடு. ஊசி தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை நிலைத்தது.

அக்காளுக்கும் தங்கைக்கும் சந்தேகமே இல்லை. மடி மாற்றியதைப் பார்த்தவர், பெரியவளின் கையைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். வெங்காயமாம் வெங்காயம்! பெட்ரோல் பக்கத்தில் யாராவது அடுப்பை எரியவிடுவார்களா? பொய்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று உருகிப்போனார்கள்.

அவர் காவலிலிருந்து வந்த அன்று சின்னவள் கரைச் சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள். "நீங்க செஞ்சதை மறக்கமாட்டோம்."

"நான் என்னங்க செஞ்சேன்?"

"சொல்லவேண்டாம். எனக்குத் தெரியும்."

அவர் உருளைக்கிழங்கும் கையுமாக விழித்தார். இந்த அடக்கத்தில்தான் அவள் விழுந்தாள். ஆறு மாதத்தில் கல்யாணம்.

பிறகு நாற்பத்தாறு வருஷம் அந்த வீட்டில் அவருக்கு நடந்த மரியாதை வேறு எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. பெரியவளின் பிள்ளைகள் சித்தப்பா உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள். சின்னவள் கோபத்தில் ஒரு வார்த்தை ஏறிப் பேசினால், "வானத்தையே நமக்காக விட்டவர்டி" என்று பெரியவள் அடக்குவாள். அவருக்கு முதலில் புரியவில்லை. நாளாக நாளாக, பெண் வீட்டு வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று நடுத்துண்டைச் சாப்பிடப் பழகிக்கொண்டார். எப்போதாவது, "அன்னிக்கு நடந்தது என்னன்னா…" என்று ஆரம்பிப்பார். "வேண்டாங்க, தெரியும்" என்று அவள் கையைக் காட்டிவிடுவாள்.

அவள் கையைக் காட்டியதற்கு வேறு காரணமும் இருந்தது. சாயங்காலங்களில் அவர் சில நேரம் வெளியே நின்று வானத்தைப் பார்ப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணுக்குத் தன் இறுக்கமான தையல் தெரியும். இந்தக் கைதான் அவரைத் தரையில் இறக்கியது, அவர் வாயால் அதைக் கேட்கத் தைரியமில்லை. பெரியவள் சாகும்போது தங்கையின் கையைப் பிடித்து, "நான் அவருகிட்ட நேரா நன்றி சொல்லாமலே போறேன். நீயாவது ரெண்டு பேருக்குமாச் சொல்லிடு" என்றாள். அதுவும் மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றது.

படகுகளை எப்போதோ வெட்டித் தகடாக விற்றுவிட்டார்கள். ஒன்று மட்டும் தப்பி, குடா ஓரத்தில் பெரிய கூரைக்கு அடியில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கிற மகள் ஒரு விடுமுறையில் இருவரையும் அழைத்துப் போனாள்.

சின்னவள் வயிற்றுத் தகட்டைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் நின்று, "பென்சில்!" என்றாள். நிஜமாகவே ஒரு ஓட்டையில் மரத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஏறினால் மாடிப்படி, தொங்கு படுக்கை, வெள்ளைப் பீங்கான் கக்கூஸ்கூட அப்படியே. "நம்ம வீட்ல இது வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு, இவங்க பறந்துக்கிட்டே வச்சிருந்தாங்க" என்றாள் மகள்.

சமையலறையில் இரண்டு ஜன்னலிலும் பை தொங்கியது. சின்னவள் வாய் மடிப்பைப் புரட்டிப் பார்த்தாள். மெஷின் தையல், நிற நூல் இல்லை. மகளை மேல்தட்டைப் பார்க்க அனுப்பிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அக்கா சொல்லச் சொல்லிட்டுப் போனது. எங்களுக்காக நீங்க அன்னிக்குப் பொய் சொன்னீங்க. என் தையலாலதான் நீங்க…"

"என்ன பொய்?"

"வெங்காயம் கருகிச்சுன்னு."

"கருகிச்சே!"

அவர் ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்தார். அடுப்பு வலதுபக்கத்து ஜன்னலுக்கும் இடதுபக்கத்து ஜன்னலுக்கும் நடுவில் இருந்தது. "வழக்கமா இந்த ஜன்னல்ல துப்பாக்கிக்காரர் நிப்பாரு. அன்னிக்குக் கொக்கி பிடிக்கிறவனுக்குக் காய்ச்சல், அவரு மூக்குப்பக்கம் போயிட்டாரு. ரெண்டும் நான் ஒருத்தன். ஆளுங்க பசியோட இருக்காங்களேன்னு அடுப்பை அணைக்கலை. தப்புத்தான். இதோ, வலதுபக்கம் போட்டேன். திரும்பினா புகை. சட்டியை இறக்கி வச்சேன்." எழுபது வயதுக் கால்களோடு ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். இடது ஜன்னலுக்கு அவர் போய்ச் சேருவதற்குள் சின்னவள் மனசுக்குள் ஒன்பது எண்ணியிருந்தாள்.

"அப்ப என் தையல்?"

"எந்தத் தையல்?"

"இடது பை நான் தைச்சது. வலது பை அக்கா. மடி மாத்தினதை நீங்கதானே வாசல்ல நின்னு பாத்தீங்க!"

"உன்னைப் பாத்தேன்" என்றார் அவர். "மடியையா பாத்தேன்?"

சின்னவள் ஜன்னலில் தொங்கிய பையின் வாயை விரலால் அளக்கத் தொடங்கினாள்.

"விரற்கடையெல்லாம் ஒரு கணக்கா? நாலு தடவை நனைஞ்சா கித்தான் அது இஷ்டத்துக்குச் சுருங்கும். ஒரே அளவுல ஒரு ஜோடியையும் நான் பாத்ததில்லை. வடத்தை நீட்டிச் சுருக்கி நாங்களே சரி பண்ணிப்போம்."

"மேஸ்திரியம்மா கேட்டிருந்தா உங்களைக் கொன்னிருப்பாங்க" என்றாள். பிறகு, "அடுப்பு எரிஞ்சதை யாரும் பாக்கலையே. அப்புறம் ஏன் ஓடிவந்து சொன்னீங்க?"

"தோணிக்காரர் வந்து, யாரோ ஒரு அம்மாவை ஊசி பிடிக்கச் சொல்லி உக்கார வச்சிருக்காங்கன்னாரு. என் வெங்காயத்துக்கு அவங்க ஏன் தைக்கணும்?"

அவள் இடது ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். "வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பீங்களே?"

"அதுவா. எழும்பும்போது தண்ணி அடியில தடதடன்னு அடிச்சுக்கிட்டே வரும். பேசினாக் கேக்காது. திடீர்னு அந்தச் சத்தம் மட்டும் நின்னுடும். தண்ணி விட்டுடுச்சுன்னு அர்த்தம். அதை இன்னொரு தடவை கேக்கலையேன்னு இருக்கும்." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். "நான் வச்ச சட்டி, நான் இறங்கினேன். நீ என்னத்துக்கு இத்தனை வருஷம் சுமந்தே?"

"நீங்க சொல்லவேண்டியதுதானே!"

"எங்கே சொல்ல விட்டே?"

மேல்தட்டிலிருந்து இறங்கிவந்த மகள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பாவை வாயில் வந்தபடி திட்டுவதையும், அப்பா சிரிப்பதையும் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றாள். அம்மா அப்பாவைத் திட்டி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மத்தியானம் மீன். அவர் தட்டில் வால் துண்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தார். நடுத்துண்டுதான் வந்தது. அதன்மேல் ஒரு கரண்டி வெங்காயம், கன்னங்கரேலென்று.

அவர் அதைப் பார்த்தார். "கருகிடுச்சு போல."

"ஆமா" என்றாள் சின்னவள், தன் தட்டில் இன்னொரு நடுத்துண்டைப் போட்டுக்கொண்டு. "காத்தடிச்சுது. ரெண்டு பக்கத்து ஜன்னலையும் ஒருத்தியே போய்ச் சாத்தணும்ல?"